தையல்காரரும் ஓடும் பட்டையும்

செகந்திராபாத்தில் பத்மாராவ் நகர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஒரு சிறு குன்று. குன்றின் மேல் ஸ்கந்தகிரி முருகன் கோயில். செகந்திராபாத்தில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்கள் விரும்பிப் போகும் கோயில் இது.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தையல்காரர் இருக்கிறார். வயது 52. செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். நான்கு மாதமாக ஒரு தொல்லை. மேடு ஏறும்போது நெஞ்சை அழுத்துகிறது. நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. “வாயுவாக இருக்கும்” என்று நினைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளித் துணி தைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போனால் கூலி போகும்.

ஒரு நாள் மகளும் கூட வந்தாள். அப்பா பாதியில் உட்காருவதைப் பார்த்துவிட்டாள். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

மருத்துவர் இ.சி.ஜி. எடுத்தார். அதில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை.

“இப்போது நீங்கள் படுத்திருக்கிறீர்கள். இதயத்துக்கு வேலை குறைவு. மேடு ஏறும்போதுதானே வலிக்கிறது? அப்போது இதயம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். டி.எம்.டி. சோதனை செய்துகொள்ளுங்கள்” என்றார்.

டி.எம்.டி. என்றால் டிரெட்மில் சோதனை. ஓடும் பட்டையின் மேல் நடக்க வேண்டும். நடக்கும்போதே இ.சி.ஜி. எடுப்பார்கள். ஐதராபாத்தில் பஞ்சகுட்டாவில் உள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இந்தச் சோதனை செய்கிறார்கள்.

சோதனை நாள் வந்தது. தையல்காரர் இயந்திரத்தைப் பார்த்தார். பயந்துவிட்டார்.

“நான் நிற்க நினைத்தால் அது நிற்குமா? என்னைத் தூக்கி எறிந்துவிட்டால்?” என்று கேட்டார். வீட்டுக்குத் திரும்பலாம் என்றுகூட நினைத்தார்.

அங்கே வேலை செய்யும் பெண் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி ஐயா. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று தெலுங்கில் கேட்டார். பெரியவருக்கும் தெலுங்கு நன்றாகத் தெரியும்.

“தையல் வேலை, அம்மா.”

“அப்படியானால் இந்த இயந்திரம் உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான்” என்றார் அந்தப் பெண்.

வேகம் எப்படிக் கூடுகிறது?

தையல் மெஷினில் ஒரு பெல்ட் இருக்கிறது. பெல்ட் சக்கரத்தைச் சுற்றுகிறது. மோட்டார் வைத்த மெஷினில் மிதியை அழுத்தினால் வேகம் கூடும். விட்டால் குறையும்.

டிரெட்மில்லும் அப்படித்தான். உள்ளே ஒரு மோட்டார் இருக்கிறது. அது ஒரு பெல்ட்டை இழுக்கிறது. பெல்ட் முன்பக்க உருளையைச் சுற்றுகிறது. உருளை சுற்றினால் நாம் நடக்கும் அகலமான பட்டை நகரும்.

இங்கே மிதி இல்லை. அதற்குப் பதில் ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை அது முடிவு செய்யும். பட்டையின் வேகத்தை ஒரு கருவி அளந்துகொண்டே இருக்கும். காலை ஊன்றும்போது பட்டை தயங்கும். உடனே பலகை கொஞ்சம் அதிக மின்சாரம் விடும். காலை எடுத்ததும் குறைக்கும். அதனால் வேகம் மாறாமல் இருக்கும்.

ஏற்றம் வந்தால்?

இந்த இயந்திரத்தில் இன்னொரு சிறிய மோட்டாரும் உண்டு. அது ஒரு திருகைச் சுற்றி முன்பக்கத்தை உயர்த்தும். லாரிக்கு ஜாக்கி வைப்பது போல. இப்போது பட்டை மேடாகிவிடும்.

மேட்டில் ஒரு தள்ளுவண்டியை விட்டால் என்ன ஆகும்? கீழே உருளும். மேடான பட்டையில் மனிதர் நின்றாலும் அப்படித்தான். அவருடைய எடை பட்டையைக் கீழே தள்ளும். 10 சதவீத ஏற்றம் என்றால் 100 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் உயர்வு. அதில் 70 கிலோ எடையுள்ளவர் நின்றால், சுமார் 7 கிலோ எடை பட்டையைக் கீழே இழுப்பதற்குச் சமம். ஏற்றம் கூடினால் இழுப்பும் கூடும்.

அப்போது பட்டை தானாக வேகமாக ஓடப் பார்க்கும். மோட்டார் அதை இழுத்தால் போதாது. பிடித்து நிறுத்தவும் வேண்டும். இதுதான் பிரேக்கின் வேலை.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியிருக்கிறீர்களா? விளக்கு எரியும்போது மிதிப்பது கனமாக இருக்கும். டைனமோ மின்சாரம் உண்டாக்குகிறது. அதற்குச் சக்கரத்தின் பலத்தை எடுத்துக்கொள்கிறது.

டிரெட்மில்லின் மோட்டாரும் சில நேரம் டைனமோ ஆகும். பட்டை மோட்டாரைச் சுற்றும். மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரத்தை ஒரு கம்பிச் சுருளில் விட்டால் அது சூடாகித் தீர்ந்துவிடும். பட்டையின் வேகம் அடங்கும். சில இயந்திரங்களில் உராய்ந்து பிடிக்கும் பிரேக்கும் உண்டு.

தையல்காரருக்குப் புரிந்துவிட்டது. “மெஷினை நிறுத்த நான் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைப்பேன். மெதுவாக வைப்பேன். சட்டென்று பிடித்தால் நூல் அறுந்துவிடும்” என்றார்.

“அதேதான் ஐயா. பட்டை சட்டென்று நின்றால் நடக்கிற கால் தடுமாறும். ஆள் முன்னால் விழுவார். அதனால் வேகத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்துவோம். நிறுத்தும் பொத்தான் இதோ, சிவப்பாக இருக்கிறது. நீங்கள் சொன்னால் போதும், அழுத்திவிடுவேன். நீங்களாகக் கீழே குதிக்க மட்டும் கூடாது.”

“போதும்”

தையல்காரர் ஏறினார். பட்டை மெல்ல நகர்ந்தது. கம்பியை லேசாகப் பிடித்துக்கொண்டார்.

இந்தச் சோதனைக்கு ஒரு முறை உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் இருந்த இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963இல் அதை வெளியிட்டார். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும்.

முதல் கட்டம்: மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம்.
இரண்டாம் கட்டம்: மணிக்கு 4 கிலோமீட்டர், 12 சதவீதம்.
மூன்றாம் கட்டம்: மணிக்கு சுமார் 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம்.

முதல் மூன்று நிமிடத்தில் 135 மீட்டர் நடக்கிறோம். அதாவது 13 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். நான்கு மாடி ஏறியதற்குச் சமம்.

முதல் கட்டம் முடிந்தது. இரண்டாம் கட்டமும் முடிந்தது. மூன்றாம் கட்டத்தில் நெஞ்சு அழுத்தத் தொடங்கியது. கோயில் மேட்டில் வந்த அதே அழுத்தம். இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளலாமா? சொன்னால் வெட்கமாக இருக்காதா? ஒரு கணம் யோசித்தார். பிறகு வாய் திறந்தார்.

“அம்மா, நெஞ்சு அழுத்துகிறது. போதும்.”

அந்தப் பெண் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் தலையசைத்தார். பொத்தானை அழுத்தியதும் வேகம் குறைந்தது. மேடு தாழ்ந்து சமமானது. தையல்காரர் சிறிது நேரம் மெதுவாக நடந்தார். ஏனென்றால் வேகமாக நடந்த உடனே அசையாமல் நின்றால் இரத்தம் கால்களில் தங்கிவிடும். தலை சுற்றும். பிறகு அவரைப் படுக்க வைத்து இ.சி.ஜி.யைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மருத்துவர் காகிதத்தைக் காட்டினார். “வலி வந்தபோது கோடு மாறியிருக்கிறது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருக்கலாம். அடுத்த சோதனை தேவை. நீங்கள் மறைக்காமல் சொன்னது நல்லது” என்றார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். “இயந்திரம் தூக்கி எறிந்ததா அப்பா?”

“இல்லை அம்மா. அதற்கு நிற்கத் தெரிகிறது. எனக்குத்தான் நான்கு மாதமாக நிற்கத் தெரியவில்லை” என்றார் தையல்காரர்.

நினைவில் வையுங்கள்

1. சோதனைக்கு வேட்டி, சேலை வேண்டாம். பட்டையில் சிக்கும். கால்சட்டை அல்லது சல்வார், பொருத்தமான ஷூ அணியுங்கள்.

2. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போகாதீர்கள். பீடி, சிகரெட் கூடாது. சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

3. நெஞ்சு வலி, தலைசுற்றல், மூச்சுத் திணறல் வந்தால் உடனே சொல்லுங்கள். “போதும்” என்று சொல்வது உங்கள் உரிமை.

4. ஓடும் பட்டையிலிருந்து குதிக்காதீர்கள். மின்சாரம் நின்றாலும் குதிக்காதீர்கள். கம்பியைப் பிடித்து, கால்களை இரு ஓரத்திலும் வையுங்கள்.

5. இப்போது பல வீடுகளில் இந்த இயந்திரம் இருக்கிறது. கயிறு கட்டிய சாவி ஒன்று அதில் இருக்கும். நடப்பவர் அதைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் சாவி கழன்று பட்டை நின்றுவிடும்.

6. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். இயந்திரத்தைத் துடைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

7. சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்தால் இந்தச் சோதனைக்குக் காத்திருக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்டு 15இல் ஐதராபாத்தில்தான் தொடங்கியது.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. மோட்டார் டைனமோ போல வேலை செய்தால் பட்டையின் வேகம் ________.
2. ஓடும் பட்டையிலிருந்து ________ கூடாது.

ஆ. கணக்குப் போடுங்கள்.
220இலிருந்து வயதைக் கழித்தால், ஒரு நிமிடத்தில் இதயம் அதிகமாக எத்தனை முறை துடிக்கும் என்று தோராயமாகத் தெரியும். தையல்காரருக்கு வயது 52. விடை என்ன? உங்கள் வயதுக்கு எவ்வளவு?

இ. கூடிப் பேசுங்கள்.
தையல்காரர் நான்கு மாதம் வலியை ஏன் மறைத்தார்? உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருக்கிறார்களா?