குடும்பச் சின்னமும் குலதெய்வ அடையாளமும்

ஒரே குலதெய்வத்தை வழிபடும் பங்காளிக் குடும்பங்கள் கூடிச் சங்கம் அமைக்கும்போது, அதற்கொரு சின்னம் வேண்டும் என்ற பேச்சு எழுவது இயல்பே. பெரும்பாலும் கேடயம் ஒன்றையும் அதன் இருபுறம் நிற்கும் சிங்கங்களையும் போட்டு விடுகிறோம். அது யாருடைய அடையாளம் என்று எவரும் கேட்பதில்லை.

தமிழ் மரபில் சின்னம் முதலில் வேந்தருக்கே உரியதாயிருந்தது. சேரர்க்கு வில்லும் பனம்பூவும், சோழர்க்குப் புலியும் ஆத்திப்பூவும், பாண்டியர்க்கு மீனும் வேப்பம்பூவும் உரியன. முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு இரு மீன்களும் வில்லும் பொறிக்கப்பட்டுள்ளன. மற்ற இருவரும் தனக்கு அடங்கியவர் என்பதே அதன் பொருள். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தம் நாணயங்களில் நந்தியையும் பிறையையும் பொறித்து, "சேது" என்றும் எழுதினர்.

கேடயச் சின்னமோ மேனாட்டு வழக்கு. நம் தோட்டங்களைத் திறந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர். பெற்றசோ என்ற தோட்டப் பெயரும் அந்நாட்டு ஊர்ப்பெயரே. அங்கே குலச் சங்கங்கள் இன்றும் உண்டு. ஆயினும் கேடயச் சின்னம் குலம் முழுவதற்கும் பொதுவானதன்று. தலைவர் ஒருவருக்கே சொந்தம். அவருடைய இளைய பிள்ளைகள்கூட அதில் சிறு மாற்றம் செய்து பதிந்தே பயன்படுத்தலாம். இதற்கென 1672ஆம் ஆண்டுச் சட்டப்படி எடின்பரோவில் பதிவேடு இருக்கிறது. சாதாரண உறுப்பினர் அணிவது, தலைவரின் முடிக்குறியைச் சுற்றி ஒரு வார்ப்பட்டை கட்டிய பதக்கம் மாத்திரமே. "நான் இத்தலைவரைச் சார்ந்தவன்" என்பதைத்தான் அவ்வார்ப்பட்டை சொல்கிறது. பெயரைச் சொன்னதும் சின்னம் விற்கும் கடைகள் அங்கும் உண்டு, அவற்றுக்கு மதிப்பில்லை.

நம் வழக்கு இதற்கு நேர்மாறானது. குலதெய்வத்தின் வேலும் சூலமும் மூத்தவர்க்கும் இளையவர்க்கும் ஒன்றே. முன்னோர் ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து, மரத்தடியில் கல் நட்டு வழிபட்ட குடும்பங்கள் எத்தனையோ! மலையகம் தன் தொழிலிலிருந்தே புதிய தெய்வங்களையும் கண்டது. கவ்வாத்துக் கத்தியோடு கவ்வாத்துச் சாமி, தொழிற்சாலையில் ரோதை முனி. இவை வேறெங்கும் கிடையா. 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அண்ணன் கூடலூருக்கும் தம்பி இங்குமாகப் பிரிந்த வீடுகளில், கடிதத் தொடர்பு அறுந்த பின்னும் இருபுறத்தாரும் மறவாதிருந்தது சாமியின் பெயரைத்தான். பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடும்போது அதுவே முதல் தடயம்.

ஆகவே சின்னம் வரைவோர் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் சாமியின் பெயர், ஊர், ஆயுதம், வாகனம், தலமரம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக் கொள்ளட்டும். அக்கரை உறவினர் இருப்பின் அவர்களிடமும் ஒத்துப் பார்க்கலாம். கத்தி என்றால் எந்தக் கத்தி, அரிவாளா கவ்வாத்துக் கத்தியா என்பது முக்கியம். அதை வைத்தே எந்தச் சாமி, எங்கே பிறந்த வழிபாடு என்று தெரியும். படத்தின் கீழ்ப் பிடிமண் எடுத்த ஊரின் பெயரையும் எழுதலாம்.

இன்னொன்று. சாமியின் திருவுருவத்தையே அழைப்பிதழில் அச்சிட வேண்டாம். விழா முடிந்ததும் அத்தாள் வடை சுற்றவும் போகும், காலடியிலும் கிடக்கும். வேலோ சூலமோ மரமோ போதும்; திருவுருவம் சங்கத்தின் பதிவுப் புத்தகத்தில் முதற்பக்கத்தில் இருக்கட்டும்.