ஓய்வுநாளின் அந்தியில் உணவும் பானமும்

யூதர்களின் ஓய்வுநாளைப் பற்றிச் சென்ற பருவத்தில் வகுப்பில் ஒரு கட்டுரை படித்தேன். “அது தடைகள் நிறைந்த நாள்” என்று அதில் துணிந்து எழுதியிருந்தேன். எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் அந்த வரியின் அடியில் கோடிட்டு, “அந்த நாள் எப்போது முடிகிறது?” என்று மட்டும் ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். எளிய வினா என்றுதான் எண்ணினேன். விடை தேடப் புகுந்த பிறகே, சனிக்கிழமை அந்திக்குள் எத்தனை வாதங்கள் அடங்கியுள்ளன என்பது புலனாயிற்று.

வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாள், சனி இரவு வானில் மூன்று விண்மீன்கள் தோன்றும்போது முடிகிறது. அது பட்டினி நாளன்று. மூன்று வேளை உண்டேயாக வேண்டிய நாள். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், மன்னாவைப் பற்றிய ஒரே வசனத்தில் ‘இன்று’ என்னும் சொல் மும்முறை வருவதைக் கொண்டு தால்முத் அறிஞர்கள் இதை நிறுவினர். மூன்றாவது உணவு சனி பிற்பகலுக்குரியது.

நாள் முடிந்ததும் ‘ஹவ்தாலா’ என்னும் சடங்கு நடைபெறும். ‘பிரித்தல்’ என்பது அதன் பொருள். திராட்சரசக் கிண்ணம், கிராம்பு போன்ற நறுமணப் பொருள், பல திரிகள் கொண்ட மெழுகுவத்தி ஆகியவற்றை வைத்துக்கொண்டு, புனித நாளையும் வேலை நாளையும் பிரித்து வாழ்த்துரை கூறுவர். அதற்கு முன் உண்ணலாகாது, பருகலாகாது என்பதே சட்டம்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. கதிரவன் மறைந்த பின்பும் விண்மீன்கள் தோன்றும் முன்பும் உள்ள வேளை பகலா, இரவா? எபிரேயர் அதற்கு ‘இரு கதிரவர்களுக்கு இடையே’ என்று பொருள்படும் பெயரை இட்டு, ஐயத்துக்குரிய நேரமாகவே விட்டுவிட்டனர். ஐயம் இருப்பதால் அப்போது புதிதாக உண்ணத் தொடங்கக் கூடாது. ஆனால் பகலிலேயே பந்தியில் அமர்ந்துவிட்டவர், இருட்டிவிட்டாலும் எழ வேண்டியதில்லை. 16ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த ஷுல்ஹான் ஆருக் என்னும் சட்ட நூலும் இதையே கூறுகிறது. பாதி உண்டவனைக் கைப்பிடித்து எழுப்பாத சட்டம் என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

உணவுக்குக் காட்டிய இந்தச் சலுகை பானத்துக்கு இல்லை. வெறுமனே இரசமோ பீரோ பருகிக்கொண்டிருப்பவர் நிறுத்திவிட வேண்டும். தண்ணீருக்குத் தடையில்லை. ஆயினும் தண்ணீரைப் பற்றியும் கருத்து வேற்றுமை இருந்தது. ஹவ்தாலாவுக்கு முன் நீர் பருகிய ஒருவரைக் கண்ட ரப் ஹூனா, தொண்டை நோய் வருமென்று அஞ்சவில்லையா என்று கேட்டாராம். ரப் ஆஷியின் மாணவர்களோ நீரைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு செய்திகளையும் தால்முத் அருகருகே பதிந்து வைத்திருக்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தது அமெய்மார் என்னும் பாபிலோனிய அறிஞரின் நிகழ்ச்சி. ஒருமுறை அவர் வெளியூர் சென்றிருந்தபோது அங்கே திராட்சரசம் இல்லை. விருந்தோம்பியவர்கள் பீர் கொண்டுவந்தனர். அது கிண்ணத்துக்குத் தகுதியற்றது என்று கருதி, சடங்கும் செய்யாமல், உணவும் உண்ணாமல் அவர் படுத்துவிட்டார். மறுநாள் அவர்கள் பாடுபட்டு இரசம் தேடிக் கொடுத்த பின்னரே ஹவ்தாலா சொல்லி ஏதோ சிறிது உண்டார். அடுத்த ஆண்டும் அதே ஊர், அதே பற்றாக்குறை, மீண்டும் பீர். “அப்படியானால் இந்த நாட்டின் இரசம் இதுதான்” என்று கூறி, அதன்மீதே சடங்கை முடித்து உண்டார். சட்டத்தை அவர் மீறினாரென்று சொல்ல முடியாது. அந்த ஊர் மக்களின் அன்றாடப் பானத்தை ஏறிட்டுப் பார்த்தார், அவ்வளவே. ஓராண்டு முன்னரே பார்த்திருந்தால் ஓரிரவுப் பசி மிஞ்சியிருக்கும்!

‘நாட்டின் இரசம்’ என்ற அச்சொல் பின்னர் சட்டச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. தேநீரும் காப்பியும் அதனுள் அடங்குமா என்று பிற்காலத்தார் வாதிட்டனர். அடங்கும் என்போரும் உளர், மறுப்போரும் உளர். எந்தப் பானமும் கிட்டாதவர் உண்ணலாம் என்பது ஒரு சாரார் கருத்து. மறுநாள் கிடைக்குமென்று எதிர்பார்ப்பவர் அதுவரை பொறுக்க வேண்டும் என்பது மற்றொரு சாரார் கருத்து. அமெய்மாரின் முதல் ஆண்டு இரவே இதற்குச் சான்றாயிற்று.

மறந்துபோய் உண்டுவிட்டவர் என்ன செய்வது? உண்டபின்னும் ஹவ்தாலா சொல்லலாம். சனி இரவே தவறிவிட்டால் செவ்வாய்க்கிழமை முடியும் வரை கிண்ணத்தை எடுக்கலாம். மெழுகுவத்தியும் நறுமணமும் மட்டும் அப்போது இல்லை.