மார்பக மறுசீரமைப்பு புற்றுநோயைத் திருப்பிக் கூப்பிடுமா?

“எடுத்த இடத்துல மறுபடி எதையாவது வெச்சா கேன்சர் திரும்பி வந்துடும். வந்தாலும் உள்ளேயே ஒளிஞ்சுக்கும்.” சென்னை கே.கே. நகர் சிவன் பார்க்கில் நடப்பவர்கள் சொல்கிறார்கள், லட்சுமணசாமி சாலை மருந்துக் கடையில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. இதற்குப் பதில் சொல்லியே பிளாஸ்டிக் சர்ஜனான என் தொண்டை வறண்டுவிட்டது.

நோய் திரும்புமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: கட்டியின் குணம், அது பிடிபட்ட கட்டம், அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியதா, சிகிச்சையை முழுசாக முடித்தீர்களா. மறுசீரமைப்பு இந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஒளிந்துகொள்ளும் என்பதும் தப்பு. மார்பகம் எடுத்த இடத்தில் நோய் திரும்பினால் பெரும்பாலும் தோலிலோ, தோலுக்கு அடியிலோதான் முளைக்கும். மறுசீரமைப்பில் வைக்கும் சிலிகோன் இம்பிளான்ட் இருப்பது அதற்கும் பின்னால், பல சமயம் மார்புத் தசைக்கும் அடியில். அதனால் திரும்பி வரும் கட்டி பெரும்பாலும் விரல் வைத்தால் தட்டுப்படும். ஆழத்தில் சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. இருக்கிறது.

வதந்திக்கு ஒரு விதை உண்டு, மறைக்க மாட்டேன். சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்பிளான்ட்களைச் சுற்றி, அபூர்வமாக, ஒரு வகை லிம்போமா வந்தது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் ரகத்தை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அது வேறு நோய். மார்பகப் புற்றுநோய் திரும்பியதல்ல. “வழவழப்பா, சொரசொரப்பா, எந்தக் கம்பெனி?” என்று கேளுங்கள். போதும்.

மற்றவை:

“இம்பிளான்ட் ஆயுசுக்கும் உழைக்கும்.” உழைக்காது. பின்னால் மாற்ற வேண்டிவரலாம். கதிர்வீச்சு பட்டால் சுற்றிலும் இறுகும் வாய்ப்பும் கூடும். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு, வயிறு போன்ற இடத்திலிருந்து எடுத்து வைக்கும் சொந்தத் திசுவே பெரும்பாலும் நல்லது.

“வயிற்றுச் சதையை எடுத்தால் தொப்பையும் போகும்.” இடுப்புக்கு இடுப்பு தழும்பும் வரும். தசையையும் சேர்த்து எடுத்தால் வயிறு பலவீனப்படும், ஹெர்னியா வரலாம். தசையை விட்டுவைக்கும் ‘டீப்’ முறை நீண்ட, நுண்ணிய அறுவை.

“மார்பகம் எடுக்கும் அன்றைக்கே செய்யாவிட்டால் அவ்வளவுதான்.” வருஷங்கள் கழித்தும் செய்யலாம்.

“இந்த வயசுல எதுக்கு?” நோயாளி ஸ்டூலில் ஃபைலை மடியில் வைத்துத் தலைகுனிந்திருப்பார். பேசுவது நாத்தனார்: “அம்பத்தஞ்சு வயசுல அண்ணிக்கு இதெல்லாம் தேவையா டாக்டர்?” அண்ணியைக் கேட்டீர்களா அம்மா? செயற்கைக் கால் பொருத்தும் அரசு மறுவாழ்வு நிலையம் இதே கே.கே. நகரில்தான் இருக்கிறது. அங்கே போய் யாராவது இப்படிக் கேட்பீர்களா?

“இது அழகு சிகிச்சை, இன்ஷூரன்ஸ் வராது.” எனக்கு ரத்தம் கொதிப்பது இதற்குத்தான். 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட விதி, அழகு சிகிச்சைக்குப் பணமில்லை என்று சொல்லும் அதே வரியிலேயே விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் மறுசீரமைப்பு அதில் சேராது என்றது. மருத்துவர் கடிதத்தில் ‘புற்றுநோய்க்குப் பின் மறுசீரமைப்பு’ என்றே எழுதச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பி எழுந்து வராதீர்கள்.

வேண்டாம் என்பதும் முழுமையான முடிவுதான். பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பகம் போதும் என்பவர்கள் நிம்மதியாகவே இருக்கிறார்கள். ஆனால் அந்த முடிவை நோயாளி எடுக்கட்டும், பார்க் பெஞ்ச் எடுக்க வேண்டாம். அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே ஒரு பிளாஸ்டிக் சர்ஜனையும் பார்த்துவிடுங்கள்.