பட்டுப்போகும் பழைய மா: நோய் அறிதலும் மருத்துவமும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில், ஓலைப் பின்னலுக்குப் பெயர்பெற்ற தோணிரேவு போன்ற ஊர்களில், கொல்லையில் நிற்கும் ஒரு பழைய மாமரமும் குடும்பத்தின் சொத்தேயாகும். அதன் கிளை நுனி காய்ந்ததும், "மரம் பட்டுவிட்டது, விறகுக்கு வெட்டிவிடுவோம்" என அங்கத்தினர் முடிவு செய்வது சரியன்று. காரணம் அறியாமல் மருந்துக்குப் பணம் செலவிடுவதும் சரியன்று. முதலில் நோயை அறிவோம்.

காய்ந்த கிளையின் பட்டையைக் கத்தியால் இலேசாகச் சுரண்டுக. உள்ளே பச்சை தெரிந்தால் அவ்விடம் உயிருள்ளது, பழுப்பாயின் இறந்தது. சிறு குச்சியை நெடுக்காகப் பிளந்து பார்க்கையில் உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடுமாயின், பட்டையில் பிசினும் கசியுமாயின், அது பெரும்பாலும் லாசியோடிப்ளோடியா என்னும் பூஞ்சையின் வேலை. இது நுனியிலிருந்து அடி நோக்கி இறங்கும்.

அடிமரத்தில் துளையும் மரத்தூளும் காணப்பட்டால் தண்டு துளைப்பான் புழுவே காரணம். இலைகளின் விளிம்பு மட்டும் கருகி, மண்மேல் வெண்மையாக உப்புப் பூத்திருந்தால் குற்றம் மண்ணிலும் நீரிலும் உள்ளது. மா உப்பைத் தாங்காத மரம். இதற்குப் பூஞ்சை மருந்து பயன்படாது. நல்ல நீர் பாய்ச்சுதலும், தேங்கும் நீரை வடித்தலும், அடியில் தழை மூடாக்கு இடுதலுமே வழி.

பூஞ்சையாயின், மழையற்ற நாளில், காய்ந்த பகுதிக்குக் கீழே பச்சையுள்ள பாகத்திலும் 3 அங்குலம் சேர்த்து வெட்டுக. வெட்டியவற்றை எரித்துவிடுக. வெட்டுவாயில் போர்டோப் பசை பூசுக. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கினால் பசை ஆயிற்று. இதே அளவுகளை மொத்தம் 10 லிட்டர் நீரில் கலந்தால் தெளிக்கும் கலவை. 1885-இல் பிரான்சு நாட்டின் போர்டோ நகரில் மில்லார்டே என்னும் அறிஞர் திராட்சைக்கென வெளியிட்ட முறை இது. இன்றும் பயன் தருகிறது.

இரும்புப் பாத்திரம் ஆகாது; மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. தீட்டிய கத்தியைக் கலவையில் நனைத்தால் செம்பு படியுமாயின் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் சிறிது சேர்க்க வேண்டும். அன்றைய கலவையை அன்றே பயன்படுத்துக. துளைப்பான் இருந்தால், துளையில் கம்பியைச் செலுத்திப் புழுவைக் கொன்று, களிமண்ணால் அடைத்துவிடுக.

ஓர் எச்சரிக்கை: செம்பு மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. மீதக் கலவையையோ பாத்திரம் கழுவிய நீரையோ ஏரியிலும் ஓடையிலும் விடலாகாது. ஒருவர் மரத்தைக் காக்க, பிறர் வலையை வெறுமையாக்குதல் கூட்டுறவாகாது.

அடிமரத்தைச் சுற்றிலும் பட்டை இறந்திருந்தால் மருந்தில்லை. புதுக் கன்று நடுக. மற்றபடி, தெளிப்பான் ஒன்றைப் பலர் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தினால், செலவும் குறையும், மரமும் பிழைக்கும்.