நாகலாபுரம் மலைகளும் ஏரிப்பாசனமும்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பிரதேசங்களின் வடமேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகளாகிய நகரி, நாகலாபுரம், சத்தியவேடு மலைகள் அமைந்துள்ளன. இவை மிக உயர்ந்தவையல்ல. ஆயினும் செங்குத்தான பாறைகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் நிறைந்தமையால் ஏறுதற்கரியன. மூக்கைப்போல் நீண்டு நிற்கும் நகரிச் சிகரம் சுமார் 2,800 அடி உயரமுடையது. பூர்வத்தில் கடலிற் செல்லும் மாலுமிகளுக்கு இஃது ஓர் அடையாளமாக விளங்கிற்று.

இம்மலைகளின் பாறை பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லாகும். அஃது எளிதில் சிதைந்து மண்ணாவதில்லை. ஆகவே சரிவுகளில் மேல்மண் மெல்லிய போர்வையாகவே காணப்படும். அதனைக் கட்டிக் காப்பவை மரங்களும் முட்புதர்களும் புல்லுமேயாம். விலையுயர்ந்த செஞ்சந்தன மரம் இத்தகைய வறண்ட கற்பாங்கான சரிவுகளிலேயே செழிக்கும்.

இம்மலைப் பிரதேசத்தில் தோன்றும் ஆரணியாறு பிச்சாட்டூர், ஊத்துக்கோட்டை வழியாய்ப் பழவேற்காட்டுக்கு அருகே கடலை அடைகிறது. நகரியாறு கொசஸ்தலையாற்றில் கலந்து, 1944-ல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்திற்கு ஜலம் அளிக்கின்றது. காட்டில் உதிர்ந்த சருகு மழைநீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாக விடும். காட்டுத்தீயாலும் அளவு மீறிய ஆட்டு மேய்ச்சலாலும் சரிவு வெறுமையானால், ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் அரித்து வந்து ஏரிகளைத் தூர்த்துவிடும். அதனால் ஏரி கொள்ளும் நீர் குறைந்து, கடைமடை வயல்கள் காயும்.

இக்காடுகளில் புள்ளிமான், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, தேவாங்கு முதலிய பிராணிகள் வசிக்கின்றன. தேவாங்கு இரவில் பூச்சிகளைத் தின்னும். ஆந்தை வயலெலிகளைப் பிடிக்கும். இவை பயிருக்கு நன்மை செய்வனவாம். காட்டுப்பன்றியோ வேர்க்கடலையைக் கிளறி நாசம் செய்யும். அதன் பொருட்டுச் சிலர் வேலியில் மின்சாரக் கம்பி கட்டுகின்றனர். இது சட்டவிரோதம், இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் மனிதரையும் மாடுகளையும் கொல்லும் கொடிய வழக்கம். இதனை அறவே விலக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக, நிலத்தைச் சுற்றி முள்வேலி அடைத்து, ஓரங்களில் ஆமணக்கை நெருக்கமாக விதைத்தல் நலம். காய் முற்றும் பருவத்தில் அடுத்தடுத்த நிலத்தார் முறைவைத்து இராக்காவல் காத்தல் செலவில்லாத உபாயம். கோடையில் சரிவுகளில் நெருப்பு வைக்காமலும், மழைக்கு முன் ஏரியின் வரத்துக்கால்களைத் தூர்வாரியும் வந்தால், மலையில் பெய்யும் மழை வயலுக்குப் பயனாகும்.