பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வு

பிள்ளை பிறந்த வீட்டில் எல்லோர் முகமும் மலர்ந்திருக்க, பெற்றவள் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறாள். “அல்லாஹ் தந்த நிஃமத்துக்கு ஷுக்ரு செய்யாமல் அழலாமா?” என்று கடிந்துகொள்கிறோம். காற்றுக் கருப்பு என்று தாயத்துத் தேடுகிறோம். இது ஈமானின் குறைவன்று, நோய்.

பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கிய ஹஜ்ரத் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதை ஸூரத்து மர்யம் கூறுகிறது. அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. ஆறுதலும், நீரும், கனிந்த பழமுமே வந்தன.

பிரசவித்த மூன்றாம் நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு; இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். அதற்கு மேலும் நீடித்து, பிள்ளை உறங்கும்போதும் தனக்கு உறக்கம் வராமல், பசியின்றி, பிள்ளைமேல் பற்றின்றி, தன்னையே பழித்துக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு நோய். நிபாஸ் காலத்தில் தொழ முடியாததால் அல்லாஹ்வை விட்டுத் தூரமானோம் என்றும் சிலர் கலங்குவர். தொழுகையை விடுவது அவனுடைய சட்டமே; துஆவுக்கும் திக்ருக்கும் தடையில்லை என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளைச் சந்தித்து, பிரசவத்துக்குப் பின்னும் விசாரித்த ஆய்வை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2002ல் வெளியிட்டனர். 100க்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் இந்நோய் வந்தது. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு ஆள் இல்லாமை ஆகியவை அவர்கள் கண்ட காரணங்களிற் சில. இவற்றுள் பல நம் வீட்டாரின் கையில் உள்ளவை. பெண் பிறந்ததற்கு முகம் கறுப்பதை ஸூரத்துந் நஹ்ல் கண்டிக்கிறதே!

திருத்தணியில் தாய்வீடு, எல்லைக்கப்பால் நகரியில் புகுந்தவீடு என்றிருக்கும் பெண், தலைப்பிரசவத்தின் நாற்பது கழிந்து திரும்பும்போது, அவள் உறக்கமும் மனநிலையும் எப்படி இருந்தன என்று தாய் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லியனுப்ப வேண்டும். கணவர் இரவில் பிள்ளையை ஏந்திக்கொள்ளட்டும். மாமியார் அடுப்படியை ஏற்கட்டும்.

இரண்டு வாரம் கடந்தும் தெளியாவிட்டால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பாலூட்டும் தாய் சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு, மருத்துவரே தீர்மானிப்பார். சாகவோ பிள்ளையை வதைக்கவோ எண்ணம் வந்தாலும், புத்தி தடுமாறிப் பேசினாலும், தனியே விடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசியில் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம். மருந்து செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே.

தாய்க்கும் சேய்க்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.