வெயிலில் சுருதி விலகும் பெட்டி

மேடவாக்கம் கூட்ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில், மாடி அறை ஒன்றில் உட்கார்ந்து கீபோர்டு புரோகிராமிங் செய்கிறேன். குறும்படம், பக்திப் பாடல் ஆல்பம், கல்யாண வீடியோ என்று வேலை வரும். கூடவே கேள்விகளோடு இளைஞர்களும் வருவார்கள். போன மாதம் பெரும்பாக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, "அண்ணா, லோன் போட்டு ஒரு அனலாக் சிந்தசைசர் வாங்கப்போறேன். பிளக்-இன்ல என்ன முட்டினாலும் அந்த வார்ம்த் வராதாமே?" என்றார். லோன் விண்ணப்பம் பையிலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இந்த மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குவது என்று முடிவு செய்தேன்.

அவர் சொன்னதில் முதல் நம்பிக்கை இது: கம்ப்யூட்டர் ஒலியைப் படிக்கட்டு படிக்கட்டாக நறுக்குகிறது, அனலாக் மட்டுமே வழவழப்பான அலையைத் தருகிறது.

இது தவறு. விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்தால், 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எந்த அலையையும் முழுதாகத் திரும்ப வரைந்துவிடலாம். மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20,000 வரைதான். ஸ்பீக்கருக்குப் போகும் முன் ஆடியோ கார்டிலுள்ள மாற்றி அந்தப் புள்ளிகளை வளைகோடாக்கிவிடுகிறது. படிக்கட்டு என்பது புத்தகத்துப் படத்தில் மட்டும் இருப்பது.

ஆனால் சிந்தசைசர் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்யும் பழைய பிளக்-இன் மென்பொருள்களில் ஒரு நிஜமான குறை இருந்தது. அதன் பெயர் அலியாசிங். சிந்தசைசரின் அடிப்படை ஒலிகளில் ஒன்று ரம்பப்பல் வடிவ அலை. அதில் அடிப்படைச் சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்கள் முடிவில்லாமல் அடுக்கியிருக்கும். 5,000 ஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொள்வோம். அதன் ஏழு மடங்கு மேற்சுரம் 35,000. கம்ப்யூட்டரால் அந்த உயரத்தை ஏந்த முடியாது, எனவே அது மடங்கித் திரும்பி 9,100 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். 5,000-க்கும் 10,000-க்கும் நடுவே, எந்தக் கணக்கிலும் சேராத ஒரு சுரம். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு அது அபஸ்வரம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல் ஸ்தாயியில் வாசிக்க வாசிக்க அது கூடும். 1996-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி பிளக்-இன் முறையைக் கொண்டுவந்த பிறகு வந்த பல மென்பொருள்களில் இந்த உறுத்தல் இருந்தது. அன்றைக்கு மூத்த சவுண்ட் இன்ஜினியர்கள் முகம் சுளித்தது நியாயம். அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் அப்படியே எடுத்துச் சொல்வதுதான் நியாயமில்லை. மேற்சுரங்களை முன்கூட்டியே வரம்புகட்டும் கணக்கு வந்துவிட்டது. உள்ளே பல மடங்கு வேகத்தில் மாதிரி எடுத்துப் பிறகு வடிகட்டும் வசதியும் வந்துவிட்டது.

மேற்சுரங்களை வடிகட்டி ஒலியின் நிறத்தை மாற்றும் ஃபில்டர் இதைவிடக் கடினமான சங்கதி. ராபர்ட் மோக் வடிவமைத்த ஃபில்டரில், வெளியே வரும் ஒலியின் ஒரு பங்கு திரும்பவும் உள்ளே போகிறது. மின்சுற்றில் இது அந்தக் கணத்திலேயே நடக்கும். பழைய மென்பொருளோ ஒரு மாதிரி தாமதித்துத்தான் திருப்பி ஊட்டியது. அதனால் அந்தப் பங்கைக் கூட்டிக் குறைக்கும் ரெசனன்ஸ் நாப்பைத் திருகும்போது ஒலி ஒட்டாமல் நின்றது. தாமதமே இல்லாமல், ஒவ்வொரு மாதிரிக்கும் சமன்பாட்டைத் தீர்த்து விடை காணும் முறை பின்னால் வந்தது. 2011-ல் வந்த யூ-ஹீ நிறுவனத்தின் டீவா என்ற பிளக்-இன் அந்த வழியில் பேர் வாங்கியது. அதன் உயர்ந்த தரத்தில் வாசித்தால் சாதாரண லேப்டாப் திணறும். அத்தனை கணக்கு ஓடுகிறது.

இரண்டாவது நம்பிக்கைதான் எனக்கு மனவருத்தம் தருவது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம்மை உருக வைத்த கீபோர்டு ஒலியெல்லாம் அனலாக் என்று பலர் நினைக்கிறார்கள். 1983-ல் வந்து உலகத்து ஸ்டுடியோக்களை நிறைத்த யமஹா டிஎக்ஸ்7 முழுக்க டிஜிட்டல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-ல் கண்டறிந்த எஃப்எம் முறையில், எண்களாலேயே ஒலி செய்யும் பெட்டி அது. 1987-ன் ரோலண்ட் டி-50, 1988-ன் கோர்க் எம்1 இரண்டும் டிஜிட்டல்தான். சீக்வென்சரின் துணையோடு 'புன்னகை மன்னன்' இசை வந்தது 1986-ல். கோடம்பாக்கத்துப் பஞ்சதன் ஸ்டுடியோவிலிருந்து 'ரோஜா' வந்தது 1992-ல். அந்த ஆண்டுகளில் கோலோச்சியவை டிஜிட்டல் கீபோர்டுகள். கேசட் நாடாவின் மென்மை, வால்வு ரேடியோவின் ஒலி, அப்பாவோடு உட்கார்ந்து கேட்ட திண்ணை, எல்லாம் சேர்ந்துதான் நாம் 'வார்ம்த்' என்கிற அந்தச் சொல். அதைச் சுற்றுப்பலகையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இந்திய அனலாக் வேண்டுமென்றால் பம்பாய்க்குப் போக வேண்டும். திரைப்பட இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு செய்தார். ரோலண்டின் ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 மூன்றும் அதில் உண்டு, மூன்றும் அனலாக். அந்த 303-ன் கதையைக் கேளுங்கள். பேஸ் கிட்டாருக்கு மாற்றாக வந்த சின்னப் பெட்டி அது. பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவில்லை என்று விலைபோகாமல் 1984-லேயே உற்பத்தி நின்றது. சில ஆண்டுகளில் சிகாகோ இளைஞர்கள் அதே ஒலியைத் தேடித் தேடி வாங்கினார்கள். போலி என்று ஒதுக்கப்பட்டது, இன்று மென்பொருள்கள் பார்த்து நகலெடுக்கும் அசல்.

நம் காதில் மகுடி என்று பதிந்த ஒலியும் அப்படித்தான். 1954-ல் வந்த 'நாகின்' இந்திப் படத்தில் பாம்பாட்டி வாசிப்பதாகக் கேட்டது, கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவி.

அனலாக் என்றால் ஒரே ஒரு ஒலி என்பது இன்னொரு பிழை. அந்தச் சுற்றுகளில் 1 வோல்ட் கூடினால் சுரம் 1 ஸ்தாயி ஏற வேண்டும். அதைச் செய்யும் டிரான்சிஸ்டர் வெப்பத்துக்கு ஏற்ப மாறும். ஈடுகட்டும் மின்தடை இல்லாவிட்டால் 1 டிகிரி செல்சியஸுக்கு சுமார் 0.33 விழுக்காடு. ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட்டாகப் பிரித்தால், அது ஸ்தாயிக்கு 4 சென்ட் விலகல். ஈடுகட்டினாலும் முழுதாக அடங்காது. கைமாற்றாக வாங்கிய பழைய அனலாக் கீபோர்டு ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு மே மாதப் பகலில் கரண்ட் போய் ஏசி நின்று, திரும்ப வந்தபோது பாடகியின் சுருதிப்பெட்டிக்கும் அதற்கும் ஒட்டவே இல்லை. அரை மணி நேரம் காத்திருந்து, பிறகு பிளக்-இன்னில் வாசித்து முடித்தோம். நமக்கு இங்கே வெயில், சதுப்பு நிலத்து ஈரம், வோல்டேஜ் ஏற்ற இறக்கம் மூன்றும் உண்டு. ஒரே மாடலில் இரண்டு பெட்டியை வைத்தாலே ஒலி மாறும்போது, மென்பொருள் எதற்கு ஈடாக வேண்டும்?

அந்தச் சின்ன விலகலில் ஒரு அழகு இருப்பதை நான் மறுக்கமாட்டேன். இரண்டு வயலின்கள் சேர்ந்து வாசிப்பதுபோல ஒலி தடிக்கும். இன்றைய பிளக்-இன்கள் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாக விலகலைச் சேர்ப்பது இதை நம்பித்தான்.

மறுபக்கத்து நம்பிக்கையும் தவறு: எல்லாம் ஒன்றே, ஹார்டுவேர் வெறும் அலங்காரம் என்பது. ஒரு அலையால் இன்னொரு அலையின் சுரத்தை அதிவேகமாக ஆட்டும்போதும், ஃபில்டரை அளவுமீறி ஓட்டும்போதும், நல்ல பெட்டிக்கும் நடுத்தரமான மென்பொருளுக்கும் வித்தியாசம் காதில் விழும். கை விஷயம் அதைவிடப் பெரிது. மவுஸால் ஒரு நேரத்தில் ஒரு நாப்பைத்தான் திருக முடியும். பெட்டியில் இரண்டு கையும் இரண்டு நாப்பில் இருக்கும், வாசிப்பே மாறிவிடும். அதற்காக ஒருவர் காசு செலவழித்தால் அது நல்ல காரணம்.

என் தீர்ப்பு இதுதான்: நாதஸ்வரம், மிருதங்கம், குரல் எல்லாம் சேர்ந்த மிக்ஸில் நல்ல பிளக்-இன்னையும் அனலாக்கையும் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. தனியாக ஒலிக்கும்போதும் வித்தியாசம் சிறியது. கடன் வாங்கும் அளவுக்கு அது பெரிதில்லை. அந்தப் பணத்தில் நல்ல மானிட்டர் ஸ்பீக்கரும் சுவருக்கு ஒலி உறிஞ்சும் பலகையும் வாங்கினால், செய்யும் ஒவ்வொரு பாட்டும் மேம்படும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், தம்பி. அனலாக் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு வரியை வாசித்துப் பதிவு செய்யுங்கள். அதே வரியைப் பிளக்-இன்னிலும் செய்யுங்கள். இரண்டின் சத்தத்தையும் மீட்டரில் பார்த்துச் சமமாக்குங்கள், ஏனென்றால் கொஞ்சம் உரக்கக் கேட்பதையே காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். பிறகு திரும்பி உட்காருங்கள், வேறொருவர் மாற்றி மாற்றிப் போடட்டும். 10 தடவை. அதில் 9 தடவை சரியாகச் சொன்னால் வாங்குங்கள், நானே கூட வந்து பேரம் பேசுகிறேன். அதுவரை அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.